அரசு அலுவலகம் எப்படி மாறும்? காரைக்குடியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் பொது நிர்வாகம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஞாயிறு காலைகளில் குரூப் 1, குரூப் 2 எழுதும் பிள்ளைகளுக்கு அதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்தால் பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள். கூட்டிக்கொண்டு வந்த அப்பாக்களும், பட்டாவிலோ பென்ஷனிலோ சிக்கிய அக்கம்பக்கத்தாரும் உட்கார்ந்துவிடுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், கேட்கிறவர்தான் வேறு. அதனால் பதில்களை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பொதுத்துறைச் சீர்திருத்தம் என்றால் பேங்கையும் பஸ்ஸையும் தனியாருக்கு விற்பதுதானே?

அது அதில் ஒரு சின்னப் பகுதி. எதிர்த்திசையில் நடந்ததும் சீர்திருத்தமாகத்தான் எண்ணப்பட்டது. நம் ஊர் சாட்சி இருக்கிறது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று இடங்களில் ஒரே நாளில் திறந்தார். 1969 ஜூலையில் நாட்டுடைமையான 14 வங்கிகளில் அதுவும் ஒன்று.

நான் வகுப்பில் சொல்வது இதுதான்: அரசு தன் வேலையைச் செய்யும் முறையை மாற்றுவதற்குப் பெயர் பொதுத்துறைச் சீர்திருத்தம். யார் முடிவெடுப்பது, யார் செலவழிப்பது, எத்தனை நாளில் முடிப்பது, முடிக்காவிட்டால் யாரைக் கேட்பது? இந்த நான்கில் ஒன்றாவது மாறியிருக்க வேண்டும். பெயர்ப் பலகையும் திட்டத்தின் பெயரும் மட்டும் மாறியிருந்தால் அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

சிங்கப்பூரில் ஒரு லீ குவான் யூ வந்து எல்லாவற்றையும் சரிசெய்தார். நமக்கும் அப்படி ஒருவர் வந்தால் போதாதா?

செட்டிநாட்டில் இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் ஊர் இது. லீவுக்கு வரும்போது அங்கே எல்லாம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறார்கள், கேட்கிற நமக்கு ஏக்கமாக இருக்கிறது. அந்த ஏக்கம் நியாயமானது.

ஆனால் கதையை முழுசாகப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரின் ஊழல் புலனாய்வுப் பிரிவு 1952-லேயே, ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கியது. லீ பிரதமராக வந்தது 1959-இல். அவர் அரசு செய்தது, அந்தப் பிரிவுக்குப் பல் கொடுத்ததுதான். 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவருக்கு வருமானத்துக்குப் பொருந்தாத சொத்து இருந்து அதற்கு அவரால் விளக்கம் சொல்ல முடியாவிட்டால், நீதிமன்றம் அதையும் சாட்சியத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். அந்தப் பிரிவு பிரதமருக்குக் கீழ் வருகிறது. பிரதமரே விசாரணையைத் தடுத்தால் என்ன செய்வது? 1991-இல் அதற்கும் வழி வைத்தார்கள்: அதிபர் ஒப்புதல் தந்தால் விசாரணை தொடரலாம். 2024-இல் அங்கே ஒரு முன்னாள் போக்குவரத்து அமைச்சருக்கு 12 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. லீ மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது இது. ஆள் போன பிறகும் விதி வேலை செய்தது.

இன்னொன்று, அது சிவகங்கை மாவட்டத்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத நகரம். அங்கே நடப்பதை அப்படியே எடுத்து இங்கே வைக்க முடியாது.

உறுதியான ஒரே தலைவர் என்றால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள நாம் வேறெங்கும் போக வேண்டாம். பர்மா இருக்கிறது. 1962-இல் நே வின் ராணுவத்தோடு வந்து உட்கார்ந்தார். கேள்வி கேட்க யாரும் இல்லை. கடைகளும் வங்கிகளும் அரசுடைமையாயின. 1987-இல் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின, மாற்றிக்கொள்ளவும் வழி தரவில்லை. பிறகு 45, 90 என்று புது நோட்டுகள் வந்தன. வேகம் என்று பார்த்தால் அதைவிட வேகம் கிடையாது. அந்த வேகத்தில் கப்பலேறித் திரும்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் என் வகுப்பில் பாதிப் பேர்.

பர்மா நம்மவர் நிலத்தைப் பறித்தது அநியாயம் இல்லையா?

இழந்தவர்களின் வலி பெரியது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஆட்கள் இழந்ததை மட்டும் பேசினால் பாதிக் கதைதான் வரும். கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் ஏறத்தாழ 6 சதவீதம். 1937-இல் அது 25 சதவீதம். நடுவில் வந்தது உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை விழுந்தது, கடனைக் கட்ட முடியாத விவசாயியின் நிலம் அடமானத்தில் மூழ்கியது. செட்டியாருக்கு வேண்டியது நிலம் அல்ல, கொடுத்த பணம்தான். ஆனாலும் நிலம் அவர் பெயருக்கு வந்துவிட்டது. 1948-இலும் 1953-இலும் வந்த நில நாட்டுடைமைச் சட்டங்களுக்குப் பின்னால் அந்தக் கோபம் இருந்தது.

ஒரு கொள்கையைப் படிக்கும்போது அதனால் இழந்தவர் கணக்கையும், அது வருவதற்கு முன்பே இழந்தவர் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். வகுப்பில் நான் முதலில் நடத்துவது இந்தப் பாடத்தைத்தான்.

ஊழல் ஊறிப்போன இடத்தில் எங்கிருந்து தொடங்குவது?

ஹாங்காங்கைப் பாருங்கள். 1973-இல் அங்கே ஒரு போலீஸ் உயர் அதிகாரி, சொத்துக் கணக்கு விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே இங்கிலாந்துக்குத் தப்பினார். ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். போலீஸைப் போலீஸே விசாரித்தால் நடக்காது என்று புரிந்து, 1974-இல் ஊழலுக்கு எதிரான தனி ஆணையத்தை அமைத்து நேரடியாக ஆளுநருக்குக் கீழ் வைத்தார்கள். பிடிப்பதற்கு ஒரு பிரிவு. எந்த நடைமுறையில் ஓட்டை இருக்கிறது என்று பார்த்து அடைக்க ஒரு பிரிவு. மக்களிடம் போய்ப் பேச ஒரு பிரிவு. நம் ஊர் லஞ்ச ஒழிப்பில் முதலாவதைப் பற்றித்தான் செய்தி வருகிறது. இரண்டாவதுதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

1977-இல் போலீஸார் கலகம் செய்து ஆணையத்தின் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து அடித்தார்கள். அப்போது ஆளுநர், அந்த ஆண்டு ஜனவரி 1-க்கு முந்தைய பழைய குற்றங்கள் பெரும்பாலானவற்றை இனிக் கிளறுவதில்லை என்று அறிவித்தார். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கொதிக்கிறார்கள். எனக்கும் முதலில் கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் ஆணையமே மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். பழையதற்கு ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவரையும் விடாமல் பிடித்தார்கள். மேல் பதவியில் இருப்பவர்கள் மீதான ஊழல் புகாரை விசாரிக்கும் லோக்பாலை 1966-இல் அமைந்த முதல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் பரிந்துரைத்தது, நமக்குச் சட்டம் 2013-இல் வந்தது. அதே வேலையை மாநில அளவில் செய்யும் தமிழ்நாட்டு லோக் ஆயுக்தாவுக்குச் சட்டம் 2018-இல். இந்த இடைவெளியைப் பார்த்தால் ஹாங்காங்காரர்களின் அவசரம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஜனநாயகம் இருந்தால் சீர்திருத்தம் மெதுவாகத்தானே நடக்கும்?

தென்கொரியாவில் 1987 வரை தளபதிகளின் ஆட்சி. சாலையும் தொழிற்சாலையும் அப்போது வந்தன, மறுக்கவில்லை. ஆனால் வங்கிக் கணக்கைச் சொந்தப் பெயரில்தான் வைக்க வேண்டும் என்ற விதி 1993-இல்தான் வந்தது. பொய்ப் பெயரில் பணம் வைத்திருந்த பெரிய மனிதர்களை அந்த விதி பிடித்தது. போட்டவர் மக்கள் தேர்ந்தெடுத்த கிம் யங் சாம். 1999-இல் சோல் மாநகராட்சி, அனுமதி கேட்டு வரும் மனு எந்த அதிகாரியிடம், எந்த நாளிலிருந்து இருக்கிறது என்பதை யாரும் இணையத்தில் பார்க்கும்படி செய்தது. இந்தோனேசியாவில் சர்வாதிகாரி சுகார்த்தோ போன பிறகு, 2001-இல் அதிகாரம் மாவட்டங்களுக்கு இறங்கியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் உள்ளாட்சிகளுக்கு மாற்றப்பட்டார்கள். இவை எல்லாமே வாக்குச் சீட்டு வந்த பிறகு நடந்தவை.

வெளிநாட்டுக் கதை போதும் சார். நம் தமிழ்நாட்டில் உருப்படியாக ஒன்றாவது உண்டா?

உண்டு. அடுத்த முறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் பெரிய வேலை இருக்கிறது.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் அமைந்து 1995 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. கொள்முதல் அதற்கு முன் சிதறிக் கிடந்தது. ஓரிடத்தில் மருந்து வீணாகும், இன்னோரிடத்தில் இருக்காது, தரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கழகம் முதலில் ஒரு பட்டியல் போட்டது: அத்தியாவசியமான மருந்துகள் இவை, அதுவும் கம்பெனிப் பெயரில் அல்ல, மருந்தின் பொதுப் பெயரில். அப்புறம் இரண்டு உறை டெண்டர். முதல் உறையில் தகுதி, இரண்டாவதில் விலை. தகுதியில் தேறாதவரின் விலை உறையைப் பிரிப்பதே இல்லை. மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் அதிலிருந்து மாதிரி எடுத்து, யார் தயாரித்தது என்று தெரியாதபடி மறைத்து, குறியீடு மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பாஸ்புக். ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் வங்கிக் கணக்கு மாதிரி ஒரு புத்தகம். ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று அதில் வரவு இருக்கும். என்ன மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை அங்கிருக்கும் டாக்டரே முடிவு செய்து கிடங்கிலிருந்து எடுக்கிறார், எடுக்க எடுக்க இருப்பு குறையும். விலை பேசும் அதிகாரம் சென்னையில், தேவையைச் சொல்லும் அதிகாரம் ஊரில். எதை மேலே வைப்பது, எதைக் கீழே விடுவது என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்த திட்டங்கள் குறைவு. கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் பிறகு இதே வழியில் தங்கள் கழகங்களை அமைத்தன.

ரேஷனையும் சொல்லலாம். 1997-இல் நாடு முழுக்க வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று கார்டைப் பிரித்தார்கள். தமிழ்நாடு எல்லோருக்கும் என்ற முறையை விடவில்லை. யார் ஏழை என்று பட்டியல் போடும் இடத்தில்தான் அதிகத் தவறும் தரகும் நுழைகின்றன என்பதால், அந்த முடிவு சரியென்று நான் நினைக்கிறேன்.

எல்லாம் ஆன்லைன் ஆன பிறகும் ஏன் அலைச்சல் தீரவில்லை?

எண்பது வயதுக்கு மேற்பட்ட ஆச்சி ஒருவர் போன வருடம் வந்தார். "தம்பி, வீடு மாமனாரோட அப்பா பேர்ல நிக்குது. பேரன் போன்லயே மாத்தலாம்கிறான். ஆறு தடவ போட்டாச்சு, ஆறு தடவயும் தள்ளிட்டாங்க" என்றார். அந்த வீட்டுக்கு இன்றைக்குப் பங்காளிகள் நாற்பது பேர். பாதிப் பேர் மலேசியாவில். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் காகிதம் வேண்டும். இணையதளம் மனுவை வாங்கும் வழியைத்தான் மாற்றியது. உள்ளே அதே காகிதம், அதே கையெழுத்து, அதே மேஜைகள்.

ஆச்சியின் மனுவில் இருந்த இன்னொரு குறைதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. தள்ளுபடி என்று வந்தது, என்ன காகிதம் குறைகிறது என்று வரவில்லை. காரணத்தை முதல் தடவையே எழுதியிருந்தால் ஐந்து தடவை அலைச்சல் மிச்சம். பிலிப்பைன்ஸில் 2018-இல் ஒரு சட்டம் போட்டார்கள். எளிய மனுவுக்கு 3 வேலை நாள், சிக்கலானதற்கு 7, தொழில்நுட்பம் சார்ந்ததற்கு 20. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நம் நாட்டில் மத்தியப் பிரதேசம் 2010-இலேயே சேவைகளுக்கு நாள் குறித்து, தாமதித்த அதிகாரிக்கு அபராதமும் வைத்தது. கணினி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

நல்ல அதிகாரி வந்தால் ஆறு மாதத்தில் மாற்றிவிடுகிறார்களே?

நம் ஊர் வட்டிக்கடை முறையை நினைத்துப் பாருங்கள். பினாங்குக்கோ ரங்கூனுக்கோ போய் முதலாளிக்காகக் கடையை நடத்தும் மேலாளுக்குத் தவணை மூன்று வருடம். அவருக்குக் கீழே அடுத்தாள், அப்புறம் பெட்டியடிப் பையன். தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்து, ஐந்தொகை சரியாக இருந்தால்தான் பெயர். மூன்று வருடம் என்பது தொழிலைக் கற்றுக்கொண்டு பலன் காட்டப் போதுமான காலம், ஒரே இடத்தில் வேரூன்றிவிடாத அளவுக்குக் குறுகிய காலமும்கூட. நடுவில் ஆறு மாதத்துக்கு ஒரு மேலாளை மாற்றிய முதலாளி யாரும் பிழைத்ததில்லை.

2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் முதலானோர் தொடுத்த வழக்கில், அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக் காலம் வேண்டும் என்றும், வாய்மொழி உத்தரவுகளை எழுத்தில் பதிய வேண்டும் என்றும் சொன்னது. இரண்டாவதுதான் எனக்குப் பெரிய விஷயம். எழுதாத உத்தரவுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

எங்கள் ஊர்க் கண்மாயைத் தூர்வாரச் சொன்னால் ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் காட்டுகிறது. உண்மையில் யாருடையது?

ஆயக்கட்டை, அதாவது கண்மாயால் பாசனம் பெறும் நிலப்பரப்பைப் பாருங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். ஆயக்கட்டு விவரம் கிராமக் கணக்கில் இருக்கும். நீர்வளத் துறைக் கண்மாயில் ஆக்கிரமிப்பு என்றால் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம், 2007 தனியாக இருக்கிறது. மனுவில் அந்தச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கண்மாயை மட்டும் தூர்வாரி வரத்துக்காலை விட்டுவிட்டால் பலன் இல்லை. நம் பெரியவர்கள் கூரையில் விழும் மழையை முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் ஒரே யோசனையில் கட்டினார்கள். இப்போது அந்த வழி மூன்று நான்கு அலுவலகங்களாகப் பிரிந்து கிடக்கிறது.

காரைக்குடி மாநகராட்சி ஆனதால் கிராமசபை போய்விட்டதா?

2024-இல் மாநகராட்சியோடு சேர்ந்த கிராமங்களுக்கு, ஆமாம். ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராமசபை. நகரத்தில் அதற்கு ஈடாக 2022 விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. கூட்டச் சொல்லிக் கேளுங்கள்.

செட்டிநாட்டு வீடுகள் இடிந்துகொண்டே போகின்றன. அரசு ஒரு சட்டம் போட்டால் போதாதா?

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது, அமலுக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. நடுவில் எத்தனை பர்மாத் தேக்குத் தூண்கள் பழம்பொருள் கடைக்குப் போயின என்று யார் கணக்கு வைத்தது?

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் என்ன நடந்தது என்று படித்தால் நமக்கு உதவும். அங்கே நம்மவர் கிட்டங்கிகள் (வட்டிக்கடையும் தங்குமிடமும் சேர்ந்த வீடுகள்) இருந்த தெருக்கள் பல உண்டு. வாடகைக் கட்டுப்பாடு 2000 ஜனவரியில் நீங்கியது. வாடகை ஏறியது, தலைமுறைகளாக இருந்த சிறு கைத்தொழிலாளிகள் பலர் வெளியேறினார்கள், வீடுகள் பூட்டிக் கிடந்தன. 2008-இல் யுனெஸ்கோ தகுதி கிடைத்தது. 2009 முதல் திங்க் சிட்டி என்ற அரசு சார்ந்த அமைப்பு, பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கும் உரிமையாளருக்குச் சிறு மானியம் கொடுக்கத் தொடங்கியது. இடிக்காதே என்று தடுப்பது ஒரு பாதி, பழுதுபார்க்கப் பணம் தருவது மறுபாதி.

நமக்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும். ஆச்சி சொன்ன அந்த நாற்பது பங்காளிகள். ஓடு மாற்றவே நாற்பது பேர் சம்மதம் வேண்டும் என்றால் ஒருவரும் கைவைக்க மாட்டார்கள், விற்பதற்கு மட்டும் எப்படியோ ஒன்றுகூடிவிடுவார்கள். பங்காளிகள் சேர்ந்து வீட்டைப் பராமரிக்க ஓர் எளிய சட்ட வடிவம் கிடைத்தால், மானியம் இல்லாமலேகூடப் பல வீடுகள் நிற்கும் என்பது என் நம்பிக்கை.

மனு போட்டு மாதக் கணக்கில் பதில் இல்லை. என்ன செய்வது?

தகவல் உரிமைச் சட்டம், 2005. இதில் நமக்குப் பெருமை ஒன்று உண்டு: தகவல் பெறும் உரிமைக்கு மாநிலச் சட்டம் முதலில் போட்டது தமிழ்நாடு, 1997-இல்.

என் பூர்வீக வீட்டுப் பட்டாவில் தாத்தா பெயரில் ஓர் எழுத்து மாறி ஏறியிருந்தது. திருத்தக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் நடந்தேன். ஒவ்வொரு முறையும் "பார்க்கிறோம்" என்ற ஒரே பதில். பிறகு ஒரு தகவல் மனு போட்டேன். ஏன் செய்யவில்லை என்று அதில் கேட்கவில்லை, ஏனென்றால் சட்டம் பதிவில் இருப்பதைத்தான் தரும். நான் கேட்டது மூன்று: இந்தத் தேதியில் தந்த என் மனு மீது நாள்வாரியாக எடுத்த நடவடிக்கை என்ன? அது எந்தெந்த அலுவலரிடம் எத்தனை நாள் இருந்தது, அவர்களின் பதவிப் பெயர் என்ன? இத்தகைய மனுவை முடிக்க விதிப்படி எத்தனை நாள்? தகவல் பதில் வருவதற்கு முன்பே திருத்தம் வந்துவிட்டது. சோல் நகரம் எல்லோருக்கும் திரையில் காட்டியதை, இங்கே ஒவ்வொருவராகக் கேட்டு வாங்குகிறோம்.

10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை மனுவின் நகலோடு சேர்த்து வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் ஞாயிறு பதினொரு மணிக்கு மேல் வாருங்கள். பழைய மனுவின் நகல் கையில் இருக்கட்டும், பிள்ளைகளில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொடுப்பார்.